காட்டுயிர் மருத்துவக் கல்வி: வளர்ந்த வரலாறும் வாய்ப்புகளும்

கல்வித் துறைகள் பலவற்றின் வரலாறும் மக்களின் தேவையிலிருந்தே தொடங்குகிறது. நிலத்தை அளக்க வேண்டிய தேவை கணக்கியலை வளர்த்தது. கடலைக் கடக்க வேண்டிய தேவை வானியலை வளர்த்தது. அவ்வாறே, ஏரிழுக்கும் எருதும் போர்க்களம் புகும் குதிரையும் நோயுற்றபோது அவற்றைக் காக்க வேண்டிய தேவை விலங்கு மருத்துவத்தை வளர்த்தது. ஆயின், மனிதனுக்கு உழைக்காத, அவனுக்கு அடங்காத காட்டு விலங்கிற்கும் முறையான மருத்துவம் வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பிந்தியே தோன்றியது. அவ்வெண்ணம் ஒரு தனிக் கல்வியாக வளர்ந்ததோ, ஏறத்தாழக் கடந்த அறுபது ஆண்டுகளில்தான். விலங்குக்காட்சிச் சாலையிலும் காட்டிலும் வாழும் உயிர்களுக்கு மருத்துவம் செய்யக் கற்பிக்கும் அம்மேற்படிப்பின் வரலாற்றையும், மலேசியத் தமிழ் மாணவர் அதனை அடையும் வழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி பேராக் மாநிலத்து மாணவர்க்குத் தொலைவான ஒன்றன்று. ஈப்போவுக்கு வடக்கே அமைந்துள்ள செமோர், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் லயங்களுக்குப் பின்னால் கொட்டகை கட்டி மாடும் ஆடும் வளர்த்தன. மனிதனுக்குக் காய்ச்சல் கண்டால் தோட்டத்து டிரெசர் இருந்தார். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டால் கைம்மருந்து அறிந்த முதியவரே துணை. இன்று அத்தோட்டங்களுட் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. எனினும் செமோருக்கு வடக்கே செல்லும் சாலை, கோலகங்சார் வழியாக, நாட்டின் பழைய விலங்குக்காட்சிச் சாலைகளுள் ஒன்று அமைந்த தைப்பிங்கைச் சென்று சேர்கிறது. ஊருக்கு அருகிலுள்ள கந்தான் சுண்ணாம்புக் குன்றிலோ, அக்குன்றின் பெயரையே தாங்கிய அரிய கதவுச் சிலந்தியினம் வாழ்கிறது. காட்டுயிர் என்பது ஏட்டில் மட்டும் காணும் பொருளன்று; பள்ளிக்கூடத்து வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவில் வாழும் பொருளாகும்.

தொன்மை மரபு

விலங்குக்கும் மருத்துவம் உண்டு என்னும் கருத்துக் கீழை நாடுகளுக்குப் புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகப் பேரரசன் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்குமாக இருவகை மருத்துவ ஏற்பாடுகள் செய்யப்பட்டதைக் குறிப்பிடுகிறது. அவ்வேற்பாடு நிகழ்ந்த எல்லைப்புற நாடுகளின் வரிசையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் இடம்பெறுகின்றன. தமிழகத்தின் பெயர் இந்தியக் கல்வெட்டு வரலாற்றில் இடம்பெறும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, விலங்கு மருத்துவத்தோடு இணைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழில் மாட்டுவாகட நூல்கள் தோன்றின. யானையின் இலக்கணமும் நோயும் மருந்தும் கூறும் கசசாத்திர மரபு வடமொழியிலும் தமிழிலும் வழங்கியது. முல்லைப்பாட்டு, பாசறையில் நிற்கும் யானைக்கு வடமொழிச் சொற்களைக் கூறிக் கவளம் ஊட்டும் இளைஞரைக் காட்டுகிறது. விலங்கைப் பேணுதல் பயின்று பெற வேண்டிய ஒரு கலை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இவை சான்றாகும். ஆனால், இவையனைத்தும் மனிதனுக்குப் பயன்பட்ட விலங்குகளைப் பற்றியவை. சிங்கத்திற்கும் கரடிக்கும் வாகடம் எழுத எவர்க்கும் தேவை ஏற்படவில்லை.

கல்லூரிகளின் தோற்றம்

இக்கால முறையிலான விலங்கு மருத்துவக் கல்வி பிரான்சு நாட்டில் தொடங்கியது. 1761ஆம் ஆண்டில் லியோன் நகரில் குளோத் பூர்சலா என்பவர் உலகின் முதல் விலங்கு மருத்துவப் பள்ளியை நிறுவினார். அக்காலத்தில் ஐரோப்பாவின் கால்நடைகளைக் கூட்டங்கூட்டமாக அழித்துக்கொண்டிருந்த வெக்கை நோயே அப்பள்ளியின் தேவையை அரசுக்கு உணர்த்தியது. அந்நோய் முற்றாக ஒழிக்கப்பட்டதென்று உலகம் அறிவித்தது 2011ஆம் ஆண்டிலாகும். ஒரு நோயை வெல்லக் கல்விக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். லியோனில் பயின்ற ஒருவரையே தலைவராகக் கொண்டு, 1791இல் இலண்டனில் விலங்கு மருத்துவக் கல்லூரி தோன்றியது. அங்கும் குதிரையே முதன்மையான பாடம். ஏனெனில் படைக்கும் வண்டிக்கும் குதிரையே உயிர்நாடி.

தமிழகத்தில் சைதாப்பேட்டை வேளாண் பள்ளியில் தொடங்கிய கால்நடைக் கல்வி, 1903ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தனிக் கல்லூரியாக மலர்ந்தது. இருபது மாணவர்களுடன் ஒரு வாடகைக் கட்டடத்தில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, பின்னர் வேப்பேரியில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக விலங்கு மருத்துவத்தில் பட்டம் வழங்கும் தகுதியை அடைந்தது. இந்தியாவின் முதற் பெண் விலங்கு மருத்துவர்களுள் ஒருவரான சக்குபாய் இராமச்சந்திரன் பயின்றதும் இக்கல்லூரியிலேயே. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டபோது, அது இத்துறைக்கென்றே இந்தியாவில் எழுந்த முதற் பல்கலைக்கழகமாகத் திகழ்ந்தது.

காட்சிச் சாலையும் மருத்துவரும்

காட்டு விலங்கு மருத்துவரின் முன்னே வந்து நின்றது விலங்குக்காட்சிச் சாலைகளால்தான். இவ்வரலாற்றிலும் மலாய் நாட்டிற்கு ஒரு தொடர்பு உண்டு. சிங்கப்பூரில் 1819இல் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு இராஃபிள்ஸ், சுமத்திராவிலும் இத்தீபகற்பத்திலும் விலங்குகளையும் செடிகொடிகளையும் திரட்டுவதில் பேரார்வம் கொண்டிருந்தவர். தாயகம் திரும்பியபின், 1826இல் இலண்டன் விலங்கியல் கழகத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். அவ்வாண்டிலேயே மறைந்தும் போனார். அவர் மறைவுக்குப்பின், 1828இல், கழகத்தின் விலங்குத் தோட்டம் திறக்கப்பட்டது.

வெப்ப நாட்டு விலங்குகள் குளிர் நாட்டில் விரைந்து மடிந்தன. எனவே 1829இல் சார்லசு ஸ்பூனர் என்பவரைக் கழகம் மருத்துவராக அமர்த்தியது. அவருக்குப்பின் வில்லியம் யூவாட் அப்பணியை ஏற்றார். இவர்கள் குதிரையையும் நாயையும் மாட்டையும் கற்றவர்கள். குரங்குக்கும் சிறுத்தைக்கும் என்ன மருந்து, எவ்வளவு மருந்து என்று அவர்களுக்குக் கற்பித்த பள்ளி எதுவும் இல்லை. குளிர் தாக்குமென அஞ்சி விலங்குகளைச் சூடேற்றிய, காற்றோட்டமற்ற அறைகளில் அடைத்து வைத்தனர். அதனாலேயே பல விலங்குகள் நலிந்தன. அன்பு இருந்தது; அறிவு இல்லை. அன்பு மட்டும் மருத்துவம் ஆகாது என்பதே அக்காலம் விட்டுச்சென்ற பாடமாகும்.

சென்னையில் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஒரு விலங்குக்காட்சிச் சாலையைத் தொடங்கினார். பின்னர் அது பூங்கா நகருக்குப் பெயர்ந்து, மக்கள் பூங்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது. இடநெருக்கடி மிகுந்தபோது நகருக்கு வெளியே வண்டலூரில் ஏறத்தாழ 600 எக்டேர் நிலப்பரப்பில் புதிய பூங்கா அமைக்கப்பட்டு, 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. கூண்டுக்குள் விலங்கைக் காட்டும் காலம் மாறி, விலங்கிற்கு இயல்பான சூழலை அமைத்துத் தரும் காலம் பிறந்தது. அம்மாற்றத்தோடு மருத்துவரின் பணியும் மாறியது. நோய் வந்தபின் மருந்து தருபவர் என்னும் நிலை போய், உணவு, உறைவிடம், இனப்பெருக்கம், நோய்த்தடுப்பு ஆகிய அனைத்திற்கும் பொறுப்பானவர் என்னும் நிலை வந்தது.

தனிப் பயிற்சி ஏன் வேண்டும்?

கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர் காட்டு விலங்கிற்கும் மருத்துவம் செய்யலாகாதா என்னும் வினா எழுவது இயல்பே. பசுவின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். புலியின் நாடியை எவ்வாறு பிடிப்பது? வீட்டு விலங்கு தன் வலியைக் காட்டிவிடும். காட்டு விலங்கோ நோயை மறைத்து வைக்கும். மெலிந்ததை வேட்டை விலங்கு தேர்ந்தெடுக்கும் என்பதால், மெலிவை மறைப்பதே அதன் உயிர்காப்பு முறை. நோய் வெளியே தெரியும் வேளையில் நிலைமை முற்றியிருக்கும். ஆகவே, சாணத்தையும் நடையையும் உண்ணும் அளவையும் கொண்டு நோயை முன்கூட்டி அறியும் பயிற்சி காட்டுயிர் மருத்துவர்க்கு இன்றியமையாதது.

அடுத்தது மயக்க மருந்துக் கலை. 1950களில் நியூசிலாந்தைச் சேர்ந்த கோலின் மர்டாக் என்பவர் மயக்க ஊசி எய்யும் துப்பாக்கியை உருவாக்கினார். 1960களில் எட்டார்ஃபின் என்னும் மருந்து பயன்பாட்டிற்கு வந்தது. அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வலிமை கொண்ட அம்மருந்தின் சில துளிகள் யானையை வீழ்த்தும். கை தவறித் தன் உடலிற் பட்டால் மருத்துவரின் உயிருக்கே ஊறு நேரும். அதனால் மாற்று மருந்தை அருகில் வைத்துக்கொண்டே அதனைக் கையாள்வர். வீழ்ந்த யானை மார்பு தரையில் அழுந்தக் கிடந்தால் மூச்சுவிடத் திணறும். வெயிலில் மயங்கிய காண்டாமிருகத்தின் உடல் வெப்பம் ஏறிவிடும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு, அதற்கேற்ப அளவை முடிவு செய்து, எய்த நொடியிலிருந்து எழுந்து நிற்கும் நொடிவரை விழித்திருந்து காக்க வேண்டும். இதனை ஏட்டுச் சுரைக்காயாகக் கற்க முடியாது. வல்லார் ஒருவரின் அருகில் நின்று ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும்.

இவ்விடத்தில் பேராக் மாணவர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஈப்போ என்னும் நகரப் பெயர், அப்பெயருடைய மரத்தினின்று வந்தது. அம்மரத்தின் பாலையே இம்மலைகளில் வாழும் பூர்வகுடியினர் தம் ஊதுகுழல் அம்புகளில் நச்சாகப் பூசி வேட்டையாடினர். இன்று விலங்குக்காட்சிச் சாலைகளில், சிறிய விலங்குகளுக்கும் அருகில் நிற்கும் விலங்குகளுக்கும் துப்பாக்கியின் அதிர்ச்சி கூடாதென்று, மருத்துவர்கள் ஊதுகுழலையே பயன்படுத்துகின்றனர். நஞ்சு தோய்த்த அம்பைச் செலுத்திய முறையே மருந்து நிறைந்த ஊசியைச் செலுத்தும் முறையாயிற்று. காட்டு மக்களின் பழைய அறிவு, புதிய அறிவியலின் கையில் உயிர்காக்கும் கருவியாகி நிற்கிறது.

மேற்படிப்பு மலர்ந்த வரலாறு

நெடுங்காலம் இவ்வறிவு தனி மனிதரின் பட்டறிவாகவே இருந்தது. தமிழ்நாட்டு வனத்துறையில் யானை மருத்துவராகப் புகழ் பெற்ற வி. கிருஷ்ணமூர்த்தி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதுமலை, டாப்சிலிப் யானை முகாம்களில் பணியாற்றிய அவர், காட்டில் இறந்து கிடந்த யானைகளையும் உடற்கூறு ஆய்வு செய்தே அடக்கம் செய்ய வேண்டும் என்னும் முறையை வலியுறுத்தினார். அழுகிய உடலை அறுத்துப் பார்ப்பது எவரும் விரும்பும் பணியன்று. ஆயின், இறப்பின் காரணம் நோயா, துப்பாக்கியா, நஞ்சா என்பதை அறிய வேறு வழியில்லை. 2002இல் மறைந்த அவரது வாழ்க்கை, செயமோகனின் ‘யானை டாக்டர்’ என்னும் கதையின் வாயிலாகத் தமிழ் வாசகர் பலரையும் எட்டியுள்ளது. அத்தகையோர் காட்டையே கல்லூரியாகக் கொண்டனர். அவர்கள் கற்றதை அடுத்த தலைமுறைக்கு முறையாக வழங்கும் கல்வி அமைப்பே காலத்தின் தேவையாயிற்று.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மரே ஃபவுலர் என்னும் பேராசிரியர், 1960களின் பிற்பகுதியில் காட்டுயிர் மருத்துவத்தைத் தனிப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் பதிப்பித்து 1978இல் வெளிவந்த பெருநூல், உலகெங்கும் விலங்குக்காட்சிச் சாலை மருத்துவர்களின் மேசையில் இடம்பெற்றது. 1983இல் அமெரிக்க விலங்கியல் மருத்துவக் கல்லூரி, தனித்துறை வல்லுநரைத் தேர்வு செய்து சான்றளிக்கும் அமைப்பாக ஏற்பிசைவு பெற்றது. பெயர் கல்லூரியாயினும் அது வகுப்பறைகள் கொண்ட நிறுவனமன்று. தேர்வு நடத்தும் அவையாகும். அடிப்படைப் பட்டத்திற்குப்பின் ஓராண்டு பொதுப் பயிற்சியும், தொடர்ந்து மூன்றாண்டு உறைவிட மருத்துவப் பயிற்சியும் பெற்று, ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டவரே அவ்வரிய தேர்வை எழுதுவது வழக்கம். ஐரோப்பாவிலும் இத்தகைய அமைப்பு எழுந்தது.

இங்கிலாந்தில், முன்னர்க் கூறிய விலங்கு மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் தோற்றுவித்த விலங்கியல் கழகமும் இணைந்து, 1990களின் நடுப்பகுதியில் காட்டு விலங்கு நலத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கின. எடின்பரோ பல்கலைக்கழகம் பணியிலிருந்தவாறே தொலைநிலையில் பயிலும் மேற்படிப்பை அமைத்தது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன் திருத்தத்தின் வழி 1992இல் அமைந்த மைய விலங்குக்காட்சிச் சாலை ஆணையமும் பெரும் மாற்றத்தை விளைவித்தன. உரிய மருத்துவ வசதியில்லாத காட்சிச் சாலை ஏற்பிசைவு பெற இயலாது என்னும் நிலை உருவானது. சட்டம் மருத்துவரைக் கேட்டது. கல்லூரிகள் மருத்துவரை உருவாக்க முன்வந்தன. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுயிர் அறிவியலுக்கெனத் தனித்துறை அமைந்து, முதுகலை, முனைவர்ப் பட்டக் கல்வி வழங்கப்படுகிறது. வடக்கே பரேலிக்கு அருகில் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் ஆய்வும் பயிற்சியும் நடத்துகிறது.

மலேசியத் திருநாட்டில்

1961இல் தைப்பிங்கில் ஒரு விலங்குக்காட்சிச் சாலை தோன்றியது. 1963 நவம்பர் 14இல் தேசிய விலங்குக்காட்சிச் சாலையைப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் கோலாலம்பூருக்கு அருகே திறந்து வைத்தார். காட்சிச் சாலைகள் தோன்றிவிட்டன. ஆனால் விலங்கு மருத்துவரை உருவாக்கும் கல்விக்கூடம் நாட்டில் இல்லை. மாணவர்கள் இந்தியாவிற்கும் பாக்கிஸ்தானுக்கும் ஆஸ்திரேலியாவிற்கும் சென்று பயின்று திரும்பினர்.

1971இல் செர்டாங்கில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கே விலங்கு மருத்துவப் புலம் தோன்றியது. 1970களின் பிற்பகுதியில் முதல் அணியினர் பட்டம் பெற்று வெளிவந்தனர். 1997இல் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நிறுவனமே நீண்ட காலம் இத்துறைக்குரிய ஒரே உயர்கல்விக் கூடமாக விளங்கியது. பின்னர்க் கிளந்தானிலும் ஒரு புலம் அமைந்தது.

அதே காலத்தில் காடுகள் அழிந்து தோட்டங்களும் நிலத்திட்டங்களும் பெருகின. காட்டை இழந்த யானைகள் இளஞ்செம்பனையையும் இரப்பர்க் கன்றுகளையும் மிதித்தழித்தன. முன்னர் அவற்றைச் சுட்டுக் கொல்வதே வழக்கமாயிருந்தது. 1974இல் வனவிலங்குத் துறை யானை பிடிக்கும் குழுவொன்றை அமைத்தது. அசாமிலிருந்து பழக்கிய யானைகளும் பாகர்களும் வரவழைக்கப்பட்டனர். காட்டு யானையை மயக்கி, பழகிய யானைகளுக்கிடையே நிறுத்தி, வேறு காட்டிற்குக் கொண்டுசெல்லும் முறை நிலைபெற்றது. நூற்றுக்கணக்கான யானைகள் இவ்வாறு உயிர் பிழைத்தன. பேராக்கின் சுங்கையில் இன்று தேசிய வனவிலங்கு மீட்பு மையம் இயங்குகிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் விலங்குக்காட்சிச் சாலைகளை ஒழுங்குபடுத்த வந்த விதிகளும் மருத்துவரின் பொறுப்பை மேலும் பெருக்கியுள்ளன.

அறிவு பிந்தினால் நேரும் இழப்பு

இக்கல்வி இல்லாவிடினும் நாடு நடக்காதா என்று கேட்போர்க்கு அண்மைக்கால வரலாறே விடை கூறும்.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவைச் சூழ்ந்த பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியோர் மூளைக் காய்ச்சலால் தாக்குண்டனர். அது கொசுவால் பரவும் சப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதப்பட்டது. புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். ஆயினும் நோய் நிற்கவில்லை. சிறுவரைப் பெரிதும் தாக்க வேண்டிய நோய், பன்றிகளோடு பழகிய வளர்ந்த ஆண்களையே தாக்கியது. பன்றிகளும் இருமி மடிந்தன. நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவியபின், 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங், அது உலகம் முன்னர் அறியாத நச்சுயிரி என்பதைக் கண்டறிந்தார். சுங்கை நீப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது நீப்பா எனப்பட்டது. அதற்குள் நாட்டில் 265 பேர் தாக்குண்டு 105 பேர் மாண்டிருந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. தொழில் அழிந்து குடும்பங்கள் வாடின. அந்நச்சுயிரியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பண்ணையை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால் கடித்து உதிர்த்த கனிகளின் வாயிலாக நோய் பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் தாவியதாக ஆய்வாளர் விளக்கினர்.

நோயையும் அதன் மூலத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவம். நீப்பாவின் மூலம் மனிதனிடத்திலும் இல்லை, பன்றியிடத்திலும் இல்லை, காட்டில் இருந்தது. காட்டை அறிந்த மருத்துவர்கள் ஒரு நாட்டுக்கு ஏன் தேவை என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது.

2003ஆம் ஆண்டில் சிலாங்கூரின் சுங்கை டூசுன் காப்பகத்தில் இருந்த ஐந்து சுமத்திராக் காண்டாமிருகங்களும் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. அவற்றின் குருதியில் டிரிப்பனோசோமா எவான்சி என்னும் ஒட்டுண்ணி காணப்பட்டது. நுண்ணுயிர்த் தொற்றும் காரணமாகக் கருதப்பட்டது. கடிக்கும் ஈக்களால் கால்நடைகளுக்குப் பரவும் அவ்வொட்டுண்ணியை 1880இலேயே இந்தியாவில் கிரிஃபித் எவான்சு என்னும் விலங்கு மருத்துவர் கண்டறிந்திருந்தார். குதிரையிடத்தும் ஒட்டகத்திடத்தும் நூறாண்டுகளுக்கு மேல் அறியப்பட்ட நோய், அருகிவரும் விலங்கொன்றைத் தாக்கியபோது எந்த அளவில் எம்மருந்து தாங்கும் என்பதைக் கூறும் பட்டறிவு உலகிலேயே அரிதாக இருந்தது. 2019இல் சபாவில் தாம் என்னும் ஆண் காண்டாமிருகமும், அவ்வாண்டு நவம்பரில் இமான் என்னும் பெண்ணும் இறந்தன. அத்துடன் மலேசிய மண்ணிலிருந்து அவ்வினம் மறைந்தது.

அதே 2019இல் திரங்கானுவின் டுங்குன் வட்டாரத்தில் ஊருக்குள் வந்த மலாயாப் புலியொன்று பிடிபட்டுச் சில நாட்களில் இறந்தது. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நோய் அதற்குக் கண்டிருந்தது. நாட்டுக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என்று கணக்கிடப்பட்ட நிலையில், ஊர் நாயின் நோய் காட்டுப் புலியை மாய்ப்பது எளிதாக விடத்தக்கதன்று. 2021 ஜூனில் வண்டலூர்ப் பூங்காவின் சிங்கங்களைக் கோவிட் தொற்றியது. அவற்றுள் இரண்டு இறந்தன. காட்டிலிருந்து ஊருக்கு வந்தது நீப்பா; ஊரிலிருந்து விலங்கிற்குச் சென்றது கோவிட். மனிதர் நலமும் கால்நடை நலமும் காட்டுயிர் நலமும் ஒரே நூலிற் கோத்த மணிகள் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

மாணவர் செல்லும் வழி

இத்துறையை நாடும் மாணவர் முதலில் அறிய வேண்டியது, நேர்வழி எதுவும் இல்லை என்பதே. முதற்படி விலங்கு மருத்துவப் பட்டம். எஸ்.டி.பி.எம். தேர்விலோ, மெட்ரிகுலேசன் அல்லது அடிப்படை அறிவியற் கல்வியிலோ உயிரியல், வேதியியல் பாடங்களில் மிகச் சிறந்த தேர்ச்சி வேண்டும். உள்நாட்டில் இப்பட்டப்படிப்பு ஐந்தாண்டுகள் நடைபெறுகிறது. வெளிநாட்டில் பயில விழைவோர், அப்பட்டத்தை மலேசிய விலங்கு மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்பதைப் புறப்படுமுன் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். திரும்பியபின் வருந்துவதிற் பயனில்லை.

இரண்டாம் படி பட்டறிவு. விடுமுறைக் காலங்களில் விலங்குக்காட்சிச் சாலையிலோ மீட்பு மையத்திலோ தொண்டாற்றிய மாணவர்க்கே மேற்படிப்பில் முதலிடம் கிடைக்கிறது. கூண்டைக் கழுவுவதும் தீனி நறுக்குவதும் அங்கே முதற்பாடம். மாட்டுக் கொட்டகையில் தாத்தாவுக்குத் துணைநின்ற தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பாடம் புதியதன்று.

மூன்றாம் படியே மேற்படிப்பு. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் காட்டுயிர் நோய்களை ஆய்வுப் பொருளாகக் கொண்டு முதுகலை, முனைவர்ப் பட்டம் பெறலாம். இந்தியாவில் முதுகலைப் பட்டம் இரண்டாண்டுகளுக்குரியது. அயல்நாட்டார் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வாயிலாக விண்ணப்பிக்கும் முறை உள்ளது. இலண்டன் படிப்பு ஓராண்டில் முடியும். ஆனால் செலவு மிகுதி. அமெரிக்க வழி நெடியது. இடங்கள் மிகச் சில. அரசுப் பணியில் சேர்ந்தபின் உதவித்தொகை பெற்றுச் செல்வதும், தொலைநிலையில் பயில்வதும் நடுத்தரக் குடும்பத்து மாணவர்க்கு ஏற்ற வழிகளாகும்.

இவ்வழியில் சென்றோர் நம்மிடையே இல்லாமலில்லை. சபா வனவிலங்குத் துறையில் பணியாற்றிய மருத்துவர் செந்தில்வேல் நாதன், 2010இல் அங்கு அமைந்த வனவிலங்கு மீட்புக் குழுவின் பணிகளில் முன்னின்றவர். 2013 ஜனவரியில் சபாவின் காட்டில் பதினான்கு குள்ள யானைகள் நஞ்சுண்டு இறந்து கிடந்தபோது, அவ்விறப்புகளை ஆராயும் பணியிலும், தாயின் உடலருகே நின்ற கன்றைக் காக்கும் பணியிலும் அத்துறையின் மருத்துவர்கள் ஈடுபட்டனர். அக்காட்சி உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

தமிழ்ப்பள்ளியில் நன்கு பயிலும் பிள்ளையை நோக்கி, ‘மருத்துவராவாயா, வழக்கறிஞராவாயா?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மருத்துவம் என்றால் மனித மருத்துவம் ஒன்றே என்னும் எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வேரூன்றி நிற்கிறது. அவ்விடம் கிடைக்காத மாணவர் தம் வாழ்வே தோற்றதாக வருந்துகின்றனர். அவர்கள் அறியாத கதவுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று இது. அக்கதவை மாணவர்க்குக் காட்டுவதற்கு ஆசிரியர் விலங்கு மருத்துவராக இருக்க வேண்டுவதில்லை. அக்கதவு எங்குள்ளது என்பதை அறிந்திருந்தாற் போதும். தைப்பிங்கிற்குச் சுற்றுலா செல்லும் பள்ளிப் பேருந்து, புலியைக் காட்டி நிழற்படம் எடுத்துத் திரும்புவதோடு அமையாமல், அப்புலிக்கு நோய் வந்தால் யார் பார்ப்பார், அவர் எங்கே படித்தார் என்னும் வினாவையும் பிள்ளைகள் மனத்தில் எழுப்பிவிட்டால், அப்பயணம் கல்விப் பயணமாகும்.

பாறையில் பொறித்து விலங்கிற்கும் மருந்து வைத்தான் ஒரு மன்னன். அம்மருந்து சென்ற நாடுகளுள் தமிழரின் நாடுகளும் இருந்தன. அத்தொன்மையைப் பெருமையோடு பேசுவதினும், காட்டின் நோயறிந்து காக்கவல்ல மருத்துவரைத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஒருவரையேனும் உருவாக்குவது மேலான பணியாகும்.